வீடுகளை மேய்த்த நாய்

வீடுகள் நடந்த வருஷம் எனக்கு எழுபத்து மூன்று வயது, நாய்க்கு நாலு வயது, ஊசிமேடு எஸ்டேட்டில் எங்கள் சங்கக் கொட்டகையின் மேலிருந்த கொடி கிழிந்து நூலாகிக் காற்றடிக்கும்போது மட்டும் கண்ணில் படும். இன்றைக்கு ஆட்கள் என்னிடம் வந்து, "தேயிலை மலையில வீடெல்லாம் நடந்துச்சாமே" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். சிரிக்கட்டும். அக்கம்பக்கத்து எஸ்டேட்டுகளும் சேர்ந்து மூவாயிரம் பேர் வேலையை நிறுத்திவிட்டு அறுபத்தொரு நாள் மழையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொன்னாலும் இந்தக் காலத்தில் அதே சிரிப்பைத்தான் சிரிக்கிறார்கள்.

எஸ்டேட்டில் ஆறு லைன்கள், ஆறு சரிவுகளில். லைன் என்றால் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள். ஒரு லைனில் பிள்ளை அழுதால் அடுத்த லைனுக்குக் கேட்காது. இடம் இல்லாமல் அப்படிக் கட்டவில்லை. கூலிக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் என்ன நடக்கும் என்று தெரிந்த வெள்ளைக்காரன் கட்டினான். இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, மூன்றாம் வகுப்போடு என்னைக் கொழுந்துச் சாக்கு தூக்க அனுப்பிவிட்டார்கள்; பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கொடுத்த எட்டுப் பக்கத் துண்டுப் பிரசுரத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன், அதற்குப் பிறகு கையில் கிடைத்த பிரசுரம் எதையும் படிக்காமல் விட்டதில்லை. என் பெயர் ஏசுவடியான். பெயரில்தான் அடியான். ஒரு காலத்தில் அந்த ஆறு சரிவுகளையும் நான் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பேக்டரி வாசலில் நின்று நான் ஒரு குரல் கொடுத்தால் விறகு சுமந்தவள் விறகைப் போட்டுவிட்டு வருவாள், சவரம் பாதியில் இருந்தவன் சோப்பு நுரையோடு வருவான், கோவித்துக்கொண்டு தனியாகச் சமைத்த அண்ணன் தம்பிகள் ஒரே குடையில் வருவார்கள், எதிர்மலையில் யானைகள்கூட நின்று காது கொடுக்கும். அதெல்லாம் போயிற்று. பாதிப் பேர் பனியன் கம்பெனிக்கு இறங்கிப் போனார்கள், அந்த வீடுகளுக்கு ஜார்க்கண்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள், சங்கக் கூட்டம் என்று போர்டில் எழுதிப் போட்டால் நானும் நாற்காலியும் மழையும் மட்டும் ஆஜரானோம்.

அப்படி நான் ஆஜராகியிருந்த ஒரு நாள்தான் அந்த நாய் வந்தது.

கடைசித் துரை பங்களா மேட்டில் ஆசைக்காக நாற்பது செம்மறி ஆடு வைத்திருந்தார். துரை என்றால் நம் ஆள்தான். நாற்காலி வெள்ளைக்காரனுடையது, அதனால் பட்டமும் கூடவே வந்தது. ஆடுகளைப் பார்த்துக்கொள்ளக் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பார்டர் கோலி, பெட்டை நாய், மேய்ச்சலுக்கென்றே வளர்க்கிற இனம். கம்பெனி கை மாறியது. துரை போனார், ஆடுகளைக் கறிக்கடை லாரியில் ஏற்றினார்கள், நாய் செக்போஸ்ட் வரைக்கும் லாரியைத் துரத்தி ஓடி, மூன்றாம் நாள் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தது. புது மேனேஜர் பங்களா மேட்டில் நாயே கூடாது என்று கேட்டைத் திறக்கவில்லை. அது இறங்கி வந்து என் கொட்டகை வாசலில் படுத்தது. நான் பார்த்தேன்: நாலு வருஷம் நாள் தவறாமல் வேலை பார்த்தவள், ஒரு வார்த்தை சொல்லாமல் ஆள்குறைப்பு.

வீட்டுக்குக் கூட்டிவந்து முற்றத்தில் சாக்கு விரித்து, என் மனைவி ஞானப்பூவின் முன்னிலையில் அறிவித்தேன். "இன்னையிலிருந்து உனக்கு ஓய்வு. எவனும் உன்னை வேலை வாங்க முடியாது. சோறு உண்டு, கூரை உண்டு, உன் பேர் விடுதலை."

"நாயிகிட்டயும் பிரசங்கமா?" என்றாள் ஞானப்பூ. "அது சோறு கேட்டு வந்துச்சா, வேலை கேட்டு வந்துச்சான்னு கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. உழைத்து ஓடாய்ப்போன ஜீவனிடம் இன்னும் வேலை வேண்டுமா என்று கேட்பது துரைமார் பழக்கம் என்று நினைத்தேன்.

குறை வைக்காமல்தான் பார்த்துக்கொண்டேன். கால் விரல் இடுக்கில் அட்டை ஏறினால் உப்பு வைத்து எடுத்தேன், காதுக்குள் உண்ணி பார்த்தேன், கழுத்து மயிரில் ஒட்டிய முள்விதைகளை ஞானப்பூவின் பேன் சீப்பால் வாரிவிட்டு அவளிடம் ஏச்சு வாங்கினேன், சிறுத்தை நாய் தூக்கும் ஊர் என்பதால் இருட்டுமுன் உள்ளே விட்டுக் கதவைத் தாழிட்டேன், கருவாடு போட்டுச் சோறு பிசைந்து வைத்தேன். அது இரண்டு வாய் தின்றுவிட்டு என் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வை மாதிரி ஒரு பார்வையை நான் மனுஷரிடம் பார்த்ததில்லை. இரண்டு ஆணியை அடித்து நம்மைச் சுவரில் மாட்டியதுபோல இருக்கும். "படு, விடுதலை, ஓய்வெடு" என்பேன். அது படுக்கும், உடம்பு மட்டும் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

பத்து நாள் பொறுத்தது. அப்புறம் முற்றத்துக் கோழிகளை மூலையில் ஒதுக்கி நிறுத்திக் காவல் காத்தது. கோழிகள் போதாமல் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை வட்டம் போட்டுச் சுற்றி ஒரே கூட்டமாக வீடு சேர்த்தது. தாய்மாருக்கு அது பிடித்திருந்தது. பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் பஸ்ஸை மறித்தது. நான் பின்னாலேயே "விடுதலை! விடுதலை!" என்று கத்திக்கொண்டு ஓட, ஊர்வலம் வருகிறதோ என்று ஆட்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, கிழவன்தான் என்று மூடிக்கொண்டார்கள். பஸ்காரன் புகார் கொடுத்தான். நாயை வீட்டோடு வைத்தேன், ஓய்வை இன்னும் கடுமையாக்கினேன்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, பகல் மூன்று மணிக்குப் பனி இறங்கியபோது, நாய் வேலி தாண்டி ஆறாவது லைனுக்கு ஏறிப்போய், சந்தனமாரியின் வீட்டுக்கு எதிரே வயிறு மண்ணில் பட ஊர்ந்து, தலையைத் தாழ்த்தி, அந்த வீட்டைக் கண் கொட்டாமல் பார்த்தது. வீடு கொஞ்ச நேரம் பொறுத்தது. பிறகு அடுப்படிப் பக்கத்து மூலையை மெல்லத் தூக்கி ஒரு எட்டுப் பின்வைத்தது, இன்னொரு எட்டு, அப்புறம் திரும்பி, தகரக் கூரை குலுங்கக் குலுங்கச் சரிவில் இறங்கியது. பக்கத்து வீடு தனியாக நிற்கப் பயந்து தானும் பின்னால் போயிற்று. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த சந்தனமாரி, வீடு இருந்த இடத்தில் செவ்வகமாக ஈரமண்ணும் நாலைந்து மண்புழுவும் கிடப்பதைப் பார்த்துவிட்டு, கீழே எட்டிப் பார்த்து, இறங்கி நடந்து, நேராக என் வாசலுக்கு வந்தாள்.

"தலைவரே, உங்க நாய் என் வீட்டைக் கீழ எறக்கிருச்சு."

"சேதாரம் உண்டா?"

"சேதாரம் ஒண்ணுமில்ல. தண்ணிப் பைப்பு மேலேயே கெடக்கே, யாரு சுமப்பா? உங்க நாய் சுமக்குமா?"

ஆறு வாரத்தில் ஆறு லைனும் இறங்கி வந்து பள்ளத்தில் இருந்த பந்து மைதானத்தில் சேர்ந்தன. தினமும் பனி இறங்கும் நேரத்துக்கு, உள்ளே இருந்தவர்கள் அடுப்பை அணைத்து, பானையைக் கவிழ்த்து, கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொள்ளப் பழகினார்கள். கரண்ட்காரர் வந்து பார்த்து, இன்னும் எத்தனை நாள் நடக்கும் என்று கேட்டு, நின்ற பிறகு சொல்லியனுப்புங்கள் என்று போனார். தபால்காரர் வீட்டு எண்ணை விட்டுவிட்டு நாயிடமே கேட்கலாம் என்றார். மாரியம்மன் கோயிலும் அந்தோணியார் குருசடியும் தோள் உரச வந்து நின்றதால் வெள்ளிக்கிழமை உடுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியம் என்று ஆட்கள் தங்களுக்குள் பேசிவைத்தார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த சுக்மதியின் வீடு எங்கள் வீட்டை ஒட்டி நின்றது. மூன்று வருஷமாக ஒரே மலையில் இருந்தும் அவள் பெயர் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் ரசத்தை அவள் குடித்துவிட்டு இருமினாள், அவள் கீரையைத் தின்றுவிட்டு நாங்கள் இருமினோம். காலியான சரிவுகளில் மேனேஜர் புது நாற்று நட்டார். அவருக்கு மகிழ்ச்சி, நல்ல நாய் என்றார்.

எனக்கும் மகிழ்ச்சி. வெள்ளைக்காரன் ஆறாகப் பிரித்து வைத்ததை ஒரு நாய் ஒன்றாக்கிவிட்டது என்று மார் விரிந்தது. கூட்டம் போட்டேன். எல்லாரும் வந்தார்கள், வராமல் இருக்க அவர்களுக்கு வேறு இடம் இல்லை, வாசற்படியில் உட்கார்ந்தாலே அது கூட்டம்தான். ஒன்றரை மணி நேரம் பேசினேன். பழைய குரல் எங்கிருந்தோ வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே, மழைக்குச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்த அந்த மூவாயிரம் முகங்களும், அதில் செத்துப்போனவர்களும், பெயர் மறந்தவர்களும், வெற்றிலைச் சிவப்போடு வாய் திறந்து "வாழ்க" என்றவர்களும் திரும்ப வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. கண் நிறைந்து பேச்சு நின்றுவிட்டது.

அந்த அமைதியில் சந்தனமாரி கேட்டாள். "சரி தலைவரே, எல்லாரும் சேர்ந்தாச்சு. அடுத்து என்ன?"

"மனு கொடுப்போம்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். ஞானப்பூவாகத்தான் இருக்கும்.

நாய் நிறுத்தவில்லை. சேர்ந்த வீடுகளைச் சுற்றிச் சுற்றி ஓடி, இன்னும் நெருக்கியது. சந்து மறைந்தது, சுவரும் சுவரும் முட்டின. முன்வாசல் திறக்காமல் போய், என் வீட்டுக்குப் போக நான் மூன்று வீடுகளின் வழியாக, ஒரு வீட்டில் கும்பிடு போட்டு, ஒரு வீட்டில் நலம் விசாரித்து, ஒரு வீட்டில் குளிப்பவளுக்கு முகம் திருப்பி நடந்தேன். நாயைக் கயிறு போட்டுக் கட்டினேன். கட்டிய இடத்தில் படுத்தபடி அது பார்க்க, வீடுகள் அதை நோக்கி நகர்ந்தன. கண்ணைத் துணியால் கட்டினேன். அது அழுத அழுகையில் நானே அவிழ்த்துவிட்டேன். பிறகு ஒரு புதன்கிழமை சுக்மதி வீட்டுச் சுவர் வெடித்துத் தொட்டிலின் மேல் ஒரு செங்கல் விழுந்தது. குழந்தை அப்போதுதான் அவள் இடுப்புக்கு ஏறியிருந்தது.

வாசற்படியில் கூடினார்கள். இந்தத் தடவை நான் கூட்டவில்லை.

"பாவம்தான், யாரு இல்லன்னா?" என்றாள் சந்தனமாரி. "ஆனா பிள்ளைங்க நசுங்கிரும் தலைவரே. சனிக்கிழமை மாட்டு டாக்டர் வாராரு. ஊசி போட்டு அனுப்பிருவோம்."

நாய் என் காலடியில் நடுங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று சாயந்தரம் ஞானப்பூ சொன்னாள். "தவசிக்கனிக்குத் தெரியும்."

"அவன் பேரை இந்த வீட்டில எடுக்காதே."

"முப்பத்தெட்டு வருஷமா எடுக்கலையே. எடுக்காம நாய் செத்தா உங்களுக்குச் சம்மதமா? சொல்லுங்க, நான் வாயை மூடிக்கிடுதேன்."

தவசிக்கனி பங்களாவின் நாய்க்காரன். அறுபத்தொரு நாள் வேலைநிறுத்தத்தில் எஸ்டேட் கேட்டைத் தாண்டிப் போன ஒரே ஆள். தினமும் காலையில் துரையின் நாய்களுக்குச் சோற்றுச் சட்டி தூக்கிக்கொண்டு, எங்கள் மூவாயிரம் பேருக்கு முன்னால், தலையைக் குனிந்தபடி உள்ளே போவான். கருங்காலி என்றோம். நான்தான் எழுந்து தீர்மானம் படித்தேன்: இவனோடு பேச்சு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, நல்லது கெட்டது இல்லை. மூவாயிரம் கைகள் எழுந்தன. வேலைநிறுத்தம் முடிந்தது, தீர்மானம் முடியவில்லை. ஒரு தீர்மானத்தை முடிக்க இன்னொரு தீர்மானம் வேண்டும், நான் போடவில்லை. அவன் மனைவி செத்தபோது பங்களாச் சமையல்காரரும் தோட்டக்காரரும் இன்னும் இரண்டு பேரும்தான் தூக்கினார்கள். அவன் வீடு பங்களாவுக்கும் மேலே, நாய்க்கூண்டை ஒட்டி, தனியாக இருந்தது.

மறுநாள் மதியம் நாயோடு ஏறினேன். முழங்காலுக்காக ஏழு இடத்தில் நின்றேன். அவன் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து எழுந்தான், நாயைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். அது அவன் மடியில் முகத்தைப் புதைத்தது.

"மெக்கு" என்றான், பங்களாவில் அதற்கு இருந்த பெயர். "எளச்சிட்டியே." பிறகு என்னைப் பார்க்காமல், "நாய்க்கு லீவு குடுத்தீங்களாமே அண்ணே?" என்றான். சிரிப்பை அடக்கியது தெரிந்தது.

"உழைச்ச ஜீவன்..."

"இந்தச் சாதிக்கு வேலைதாண்ணே சோறு. காலையில ஒரு மணி, சாயந்தரம் ஒரு மணி ஓடணும், அதுவும் சும்மா ஓட்டம் இல்ல, எதையாச்சும் சேக்கணும். சேத்துட்டா எங்க கொண்டுபோய் அடைக்கணும்னு நாம சொல்லணும். சொல்லலன்னா இறுக்கிக்கிட்டே இருக்கும். அதுக்கு வேற தெரியாது."

"கீழ வீடெல்லாம் வந்து முட்டினது உனக்கு இங்கேருந்தே தெரிஞ்சிருக்குமே. ஏன் வந்து சொல்லல?"

அவன் பீடியை மண்ணில் அழுத்தி அணைத்தான். "எங்கிட்ட யாரு கேட்டா?"

நாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"அன்னைக்கும் அதானே அண்ணே" என்றான். "உங்க கோரிக்கை எல்லாம் நியாயம்தான், நானும் கைதட்டினவன்தான். ஆனா ஒன்பது நாய் கூண்டுக்குள்ள கெடந்துச்சு. அதுங்க எந்தச் சங்கம்?"

முப்பத்தெட்டு வருஷத்தில் நான் தயார் செய்து வைத்திருந்த எந்தப் பதிலும் அதற்குப் பொருந்தவில்லை. "தவசி, அந்தத் தீர்மானம்..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் அப்புறம்ணே, பனி எறங்குது. எங்க அடைக்கணும், அதைச் சொல்லுங்க."

அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் எல்லைக்கல்லைத் தாண்டினால் சர்க்கார் புறம்போக்கு, பரந்த புல்வெளி. வேலையிலிருந்து நின்ற மறுமாதமே வீட்டைக் காலி செய்யச் சொல்லும், கேஸ் போட்டதால் மட்டும் என்னை விட்டுவைத்த இந்த எஸ்டேட்டில், சாகிறதுக்குள்ளாவது குடியிருக்கச் சொந்த மண் கிடைக்கட்டும் என்று அந்த இடத்துக்காக முப்பத்திரண்டு வருஷம் மனு எழுதியவன் நான். கையை நீட்டிக் காட்டினேன்.

"அப்போ நீங்க அங்க போய் நில்லுங்க. அட்டை எடுத்தவரு நீங்க, அது உங்ககிட்டத்தான் கொண்டுவரும்" என்று சொல்லி, மடித்த சின்னத் தகரத் துண்டு ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து விசிலாக நாக்கின் மேல் வைத்து உதட்டால் கவ்வினான்.

புல்வெளியின் நடுவில் போய் நின்றேன். மேலே பனிக்குள்ளிருந்து விசில் வந்தது, நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. துரைமாரின் விசில். அதைக் கேட்டால் என் ரத்தம் கொதிக்கும் என்று ஆயுள் முழுக்க நினைத்திருந்தேன்; கொதிக்கவில்லை, மயிர்தான் சிலிர்த்தது. முதலில் ஓடைத் தண்ணீர் கலங்கும் சத்தம், பிறகு தகரங்களின் சலசலப்பு, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வீடுகள், வாசற்படியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நனைந்த அடிச்சுவரோடு, சன்னலில் பெண்கள் பானையைக் கட்டிப் பிடித்திருக்க, சுக்மதி குழந்தையை உயரத் தூக்கிச் சிரிக்க, மாரியம்மன் முன்னாலும் அந்தோணியார் பின்னாலுமாக ஓடையைத் தாண்டி வந்து என்னைச் சுற்றி நின்றன. இறுக்கம் இல்லை. வீட்டுக்கு வீடு மூச்சுவிட இடம் இருந்தது. நூற்று நாற்பத்து மூன்று வீடுகள், நான் எண்ணினேன். அக்கரையில் மேனேஜர் ஜீப்பை விட்டு இறங்கி, கல்லையும் வீடுகளையும் பார்த்து, என்ன சொல்வதென்று தெரியாமல் மறுபடி ஜீப்பில் ஏறினார்.

தவசிக்கனி வேட்டி நனைய ஓடையைக் கடந்து வந்தான். வந்தவன் கூட்டத்துக்குள் வரவில்லை. பழக்கம், ஒதுங்கி ஒரு பாறையில் உட்கார்ந்து நாய்க்குப் படுக்கச் சொல்லி விசில் கொடுத்தான். நாய் படுக்கவில்லை. வீடுகளை ஒரு சுற்று சுற்றியது, நின்றது, திரும்பி ஓடைக்குள் பாய்ந்து மேலே ஏறிப் பனியில் மறைந்தது.

"எதையோ விட்டுட்டு வந்துட்டோம்" என்றான் தவசிக்கனி. "ஒண்ணு குறைஞ்சாலும் அது படுக்காது."

எல்லாரும் தங்கள் வீட்டையும் பக்கத்து வீட்டையும் பார்த்தார்கள். குறையவில்லை. அரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு பங்களா மேட்டிலிருந்து ஒற்றை அறை வீடு ஒன்று, பக்கத்தில் காலியான நாய்க்கூண்டு ஒட்டிக்கொண்டிருக்க, தயங்கித் தயங்கி இறங்கி வந்தது. பின்னால் நாய். வீடு ஓடையைத் தாண்டி, வட்டத்தின் ஓரத்துக்கு வந்து, உள்ளே நுழைய வழி இல்லாமல் நின்றது. நாய் மண்ணில் வயிறு ஒட்டிப் பார்த்தது. வீடு நகரவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது அங்கனயே நிக்கட்டும்ணே" என்றான் தவசிக்கனி. "எனக்குப் பழக்கம்தான்."

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். குரலைச் செருமிக்கொண்டு, முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் பேக்டரி வாசலில் நிறைவேற்றிய தீர்மானம் இதனால் திரும்பப் பெறப்படுகிறது, ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றேன். பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை. என்ன தீர்மானம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே தூக்கினார்கள். சுக்மதி குழந்தையின் கையையும் சேர்த்துத் தூக்கினாள். ஒருமனதாக நிறைவேறியது. வீடு அப்படியே நின்றது.

"கையைத் தூக்கினா வழி வந்துருமா?" என்றாள் ஞானப்பூ சன்னல் வழியாக. "நம்ம வீட்டைத் தள்ளுங்க."

போனேன். துண்டைத் தலையில் கட்டி, என் வீட்டுச் சுவரில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை. என் பக்கத்தில் இன்னொரு தோள் வந்து முட்டியது, பீடி வாசத்தோடு. நாங்கள் இருவரும் கிழவர்கள், இரண்டு பேருக்கும் இரைப்பு வாங்கியது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் வீடு முனகிக்கொண்டு, அடம்பிடிக்கும் கிழட்டு ஆட்டைப்போல, ஒரு எட்டு வைத்தது. அப்புறம் இன்னொரு எட்டு. அந்த இடைவெளியில் அவன் வீடு உள்ளே வந்து நின்றது. நாய் முன்னங்கால் மேல் தலையை வைத்துத் தூங்கிப்போனது.

எட்டு வருஷம் ஆகிறது. பட்டா இன்னும் வரவில்லை, வீடுகள் இன்னும் போகவில்லை. காலையில் தவசிக்கனியும் சாயந்தரம் நானும் ஊர் ஆடுகளோடு நாயைக் கூட்டிக்கொண்டு போகிறோம், வாரத்தில் ஏழு நாளும், லீவு கிடையாது. என் சுவருக்கும் அவன் சுவருக்கும் நடுவே ஒரு முழ அகலம் விட்டிருக்கிறோம், நாய் ஓட.